கருநாவற்பற்றுக் கல்லும் வரலாற்றுச் சான்றும்

கொழும்பிலிருந்து அவிசாவளை வழியாக அற்றனுக்கு ஏறும் நெடுஞ்சாலையில், மலைநாட்டின் வாயில்போல் அமைந்துள்ளது கினிகத்தேனை. இவ்வூர்ப் பெயர் சிங்களச் சொற்களால் ஆயது. 'கினிகத்' என்பது நெருப்புப் பற்றிய என்றும், 'ஹேன' என்பது காடு வெட்டி எரித்துப் பயிரிடும் சேனை என்றும் பொருள்படும். ஒலியால் இதனோடு நெருங்கிய 'ஹெண' என்னும் பிறிதொரு சொல் சிங்களத்தில் உண்டு. அது இடியைக் குறிப்பது. இவ்விரு சொற்களையும் மயங்கக் கொண்டு, பண்டொருநாள் இங்கு வானிலிருந்து எரிகல் வீழ்ந்தது, அதனாலேயே ஊர் இப்பெயர் பெற்றது என்று ஒரு கதை கட்டிவிடுதல் எளிது. கேட்போருக்கும் அது சுவை தரும். ஆயினும் ஊர்ப்பெயரில் உள்ளது நெடிலோடு வரும் 'ஹேன' என்பதே. காட்டுக்குத் தீயிட்டுப் பயிர்செய்தல் இந்நாட்டின் பழைய வேளாண் வழக்கம். ஆதலின் இப்பெயருக்கு விளக்கம் தேடி வானத்தை நோக்க வேண்டியதில்லை. மண்ணை நோக்கினாலே போதும்.

இச்சிறு செய்தியை முதற்கண் கூறியதற்குக் காரணம் உண்டு. விண்கற்களின் வரலாறு முழுவதும் இத்தகைய வினா ஒன்றே மீண்டும் மீண்டும் எழுகின்றது. வானிலிருந்து கல் வீழ்ந்தது என்று ஒருவர் கூறும்போது அதனை எப்போது நம்புவது, எப்போது மறுப்பது, எவருடைய சொல்லை ஏற்பது என்பதே அவ்வினா. நம்பத்தகாததை நம்பியவர் பலர். நம்பத்தக்கதை மறுத்தவரும் பலர். அவருள் அறிஞர் பெருமக்களும் அடங்குவர். இவ்வரலாற்றில் ஈழத்துத் தமிழ் மண்ணுக்கும் ஓர் இடம் உண்டு. 1795 ஆம் ஆண்டு ஏப்ரல் 13 ஆம் நாள் முல்லைத்தீவுக்கு அண்மையில் ஒரு விண்கல் வீழ்ந்தது. அதனை நடுவாகக் கொண்டு இப்பொருளை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் சொற்களைத் தெளிவுபடுத்திக் கொள்ளல் நன்று. இரவு வானில் கணப்பொழுது ஒளிர்ந்து மறையும் கோட்டினை எரிமீன் அல்லது எரிநட்சத்திரம் என்கிறோம். அது விண்மீன் அன்று. விண்வெளியில் அலையும் சிறு பொருளொன்று புவியின் வளியில் புகும்போது தோன்றும் ஒளியே அது. அவ்வாறு புகும் பொருளில் எஞ்சி நிலத்தை அடையும் பகுதியே விண்கல். இப்பொருள்கள் வினாடிக்கு 11 முதல் 72 கிலோமீற்றர் வரையான வேகத்தில் வளிமண்டலத்துட் புகுகின்றன. ஏறத்தாழ 100 கிலோமீற்றர் உயரத்தில் ஒளிரத் தொடங்குகின்றன. மணலளவினவும் பருக்கையளவினவும் முற்றாக ஆவியாகிவிடும். சற்றுப் பெரியவை வளியின் அழுத்தம் தாங்காது உடைந்து சிதறும். அப்போது பீரங்கி முழக்கம் போன்ற ஓசை நெடுந்தொலைவிற்குக் கேட்கும். உடைந்த துண்டுகள் தம் வேகத்தை இழந்து, இறுதிச் சில கிலோமீற்றர்களைச் சாதாரணக் கல் வீழ்வது போலவே கடந்து நிலத்தை அடைகின்றன. மேற்பரப்பு உருகி உறைந்தமையால், ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் தடிப்புள்ள கரிய தோல் அவற்றை மூடியிருக்கும். உட்பகுதியோ விண்வெளியின் குளிரைப் பெரும்பாலும் இழப்பதில்லை. தீப்பிழம்பாக வீழ்ந்து ஊரை எரித்தது என்னும் கதைகள் சிறு விண்கற்களைப் பொறுத்தவரை ஏற்கத்தக்கன அல்ல.

பெரும் பொருள்கள் வீழ்ந்தால் நிகழ்வது வேறு. மகாராட்டிர மாநிலத்து உலோணார் ஏரி அத்தகைய வீழ்ச்சியொன்றால் எரிமலைப் பாறையில் ஏற்பட்ட பள்ளமாகும். அதன் விட்டம் ஏறத்தாழ 1.8 கிலோமீற்றர். 1908 ஆம் ஆண்டு யூன் 30 ஆம் நாள் சைபீரியாவின் துங்குசுக்காப் பகுதியில் வானிலேயே வெடித்த பொருள் ஒன்று 2000 சதுர கிலோமீற்றருக்கு மேற்பட்ட காட்டைச் சாய்த்தது. ஆயினும் நிலத்தில் பெரும்பள்ளம் எதனையும் விடவில்லை. 2013 ஆம் ஆண்டு பெப்ரவரி 15 ஆம் நாள் இரசியாவின் செலியாபின்சுக்கு நகரின்மேல் வெடித்ததன் அகலம் ஏறத்தாழ 20 மீற்றர். அன்று காயமுற்றோர் ஏறத்தாழ 1500 பேர். அவர்களுட் பெரும்பாலானோர் கல்லால் அடிபட்டவரல்லர். ஒளியைக் கண்டு யன்னலருகே வந்து நின்று, பின்னர் வந்த அதிர்ச்சியலையால் உடைந்த கண்ணாடியால் வெட்டுண்டவர். ஏறத்தாழ 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னர் மெச்சிக்கோவின் கரையில் மோதிய, பத்துக் கிலோமீற்றர் அளவான பொருளொன்றே தைனோசோர்களின் அழிவுக்குத் தலையாய காரணமென இன்று பெரும்பாலான அறிஞர் கொள்கின்றனர். இத்தகைய நிகழ்ச்சிகள் மிக அரியன. மனிதர் கண்டு பதிவுசெய்தவை பெரும்பாலும் வயலிலும் தோட்டத்திலும் வீழ்ந்த சிறு கற்களே.

தமிழர் வானத்தைக் கூர்ந்து நோக்கியவர் என்பதற்குச் சங்க இலக்கியமே சான்று. புறநானூற்றின் 229 ஆம் பாட்டில், எரிமீன் ஒன்று வீழ்ந்ததைக் கூடலூர் கிழார் கண்டு, தம் மன்னனாகிய கோச்சேரமான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறைக்குக் கேடு வருமென அஞ்சியதையும், ஏழாம் நாள் அவன் இறந்ததையும் காண்கிறோம். வானில் வீழ்ந்ததொன்றை அரசனின் சாவோடு இணைத்த நம்பிக்கையை இன்று நாம் ஏற்பதில்லை. ஆயினும் புலவர் வெறுமனே ஒரு மீன் வீழ்ந்தது என்று கூறி அமையவில்லை. திங்கள் எது, அவ்வேளை உச்சியிலும் கிழக்கிலும் மேற்கிலும் நின்ற மீன்கள் எவை, வீழ்ந்த திசை எது என்பனவற்றையெல்லாம் வரன்முறையாகக் கூறுகின்றார். காலமும் இடமும் திசையும் கூறுதலே நல்ல சாட்சியின் இலக்கணம். விளக்கம் பிழைபட்டபோதும் கூற்று செம்மையாக இருக்கக்கூடும் என்பதனை இப்பாட்டு நமக்கு உணர்த்துகின்றது. இவ்வேறுபாட்டினை உணராமையே பிற்கால ஐரோப்பிய அறிஞர் இடறிய இடம்.

பதினெட்டாம் நூற்றாண்டின் ஐரோப்பிய அறிவுலகம் மூடநம்பிக்கைகளை அகற்றுவதில் முனைந்து நின்றது. வானிலிருந்து கல் வீழ்தல் என்பதும் அம்மூடநம்பிக்கைகளுள் ஒன்றாகவே எண்ணப்பட்டது. 1768 இல் பிரான்சு நாட்டின் இலூசே என்னும் ஊரில் கல்லொன்று வீழ்ந்தது. வயலில் வேலைசெய்தோர் அதனைக் கண்டனர். பிரெஞ்சு அறிவியற் கழகம் அமைத்த ஆய்வுக்குழுவில் இலவோசியேயும் ஒருவர். கல்லை ஆராய்ந்த குழுவினர், அது நிலத்திலேயே கிடந்த கல்லென்றும், மின்னல் தாக்கியதால் அதன் மேற்பரப்பு உருகிற்றென்றும் முடிவு செய்தனர். வேதியியலின் தந்தை எனப் போற்றப்படுபவரின் பெயர் தாங்கிய முடிபு பிழையாயிற்று. வயலில் நின்றோரின் சொல்லே மெய்யாயிற்று. 1790 இல் அதே நாட்டின் பார்போத்தான் பகுதியில் பல கற்கள் வீழ்ந்தன. ஊர்த்தலைவரும் 300 பேரளவிலான ஊரவரும் கண்டதை உறுதிகூறிக் கையொப்பமிட்டனுப்பினர். அதனை வெளியிட்ட அறிவியல் ஏட்டின் ஆசிரியர், நகராட்சி ஒன்றே கட்டுக்கதைக்குச் சான்றளிக்கின்றதே என இரங்கி எழுதினார்.

அவ்வறிஞரை வெறும் செருக்குடையோர் எனத் தள்ளிவிடுதலும் முறையன்று. கோள்களுக்கிடையேயுள்ள வெளி வெறுமையானது என்பதே அக்கால அறிவியலின் துணிபு. கல்லே இல்லாத இடத்திலிருந்து கல் எவ்வாறு வீழும் என்பது நேர்மையான வினாவே. ஆனால் காரணம் அறியப்படாத நிலையில் நிகழ்ச்சியையே மறுத்ததுதான் அவர்களின் பிழை. இப்பிழையைத் திருத்த முன்வந்தவர் செருமானிய இயற்பியலாளரான கிளாட்னி. அவர் சட்டம் பயின்றவர். பழைய ஏடுகளிற் சிதறிக்கிடந்த கூற்றுகளைத் திரட்டி, நீதிமன்றத்திற் சாட்சியங்களை நிறுப்பது போல நிறுத்துப் பார்த்தார். ஒருவரையொருவர் அறியாத மக்கள், வெவ்வேறு நாடுகளில், வெவ்வேறு நூற்றாண்டுகளில், ஒரே வகையான ஒளியையும் ஓசையையும் வீழ்ச்சியையும் கூறுவாராயின், அக்கூற்று பொய்யாதல் இயலாது என அவர் கண்டார். இக்கற்கள் புவிக்கு அப்பாலிருந்து வருபவை என 1794 இல் நூலெழுதி வெளியிட்டார். பலர் அவரை எள்ளினர்.

அந்நூல் வெளிவந்த மறுவருடமே நமது நாட்டு நிகழ்ச்சி இடம்பெற்றது. ஐரோப்பியர் தொகுத்த விண்கற் பட்டியல்களில் 1795 ஏப்ரல் 13, இலங்கை, முல்லைத்தீவிலிருந்து நான்கு மைல் தொலைவு என்னும் குறிப்பு காணப்படுகின்றது. வீழ்ந்த இடத்தின் பெயர் 'கார்னவெல்பட்டு' என்றவாறு ஐரோப்பிய எழுத்தில் திரிந்து நிற்கின்றது. ஒலியாலும் இடத்தாலும் இது வன்னியின் பழைய பற்றுகளுள் ஒன்றாகிய கருநாவற்பற்று என்றே கொள்ளத்தகும். வீழ்ந்தது கல்வகை விண்கல். இன்றும் உலக விண்கற் பட்டியலில், முல்லைத்தீவு என்னும் பெயரின் சிதைந்த வடிவொன்றினாலேயே அது வழங்கப்படுகின்றது.

அக்காலத்து வன்னியின் நிலையை ஈண்டு நினைவுகூர்தல் தகும். 1782 இல் ஒல்லாந்தர் வன்னிமைகளை அடக்கி அந்நிலத்தைத் தம் நேரடி ஆட்சிக்குட் கொணர்ந்தனர். கல் வீழ்ந்தபோது அவர்களின் ஆட்சிக்கு எஞ்சியிருந்தவை சில மாதங்களே. அவ்வாண்டு ஓகஸ்டில் திருகோணமலையும் செப்டெம்பரில் யாழ்ப்பாணமும் பிரித்தானியர் வசமாயின. 1796 பெப்ரவரியிற் கொழும்பும் வீழ்ந்தது. ஆட்சி கைமாறும் குழப்பத்தினூடே அக்கல்லைப் பற்றிய குறிப்பும் அதன் சிறு பகுதியும் அழியாது ஐரோப்பாவை அடைந்தமை வியப்பிற்குரியது. ஆயினும் அக்குறிப்பில் இல்லாதது எது என்பதும் நோக்கற்பாலது. கல் வீழக் கண்டவர் எவர்? வயலில் நின்ற உழவரா, காட்டில் மாடு மேய்த்தவரா, குளக்கட்டில் நின்றவரா? அவர்கள் எத்தனை பேர், என்ன கேட்டனர், என்ன எண்ணினர்? இவற்றுள் ஒன்றேனும் அப்பட்டியல்களில் இடம்பெறவில்லை. நாள் உண்டு, ஊர் உண்டு, மனிதர் இல்லை.

இதனோடு ஒப்பிடத்தக்க நிகழ்ச்சி அதே ஆண்டில், சரியாக எட்டு மாதங்களின் பின் இங்கிலாந்தில் நிகழ்ந்தது. 1795 டிசம்பர் 13 ஆம் நாள், யோக்சயரின் வோல்ட் கொட்டேச் என்னும் பண்ணையருகே 56 இறாத்தல் நிறையுள்ள கல் வீழ்ந்தது. அருகில் நின்ற ஏராளர் யோன் சிப்லி என்பவர். நிலத்தின் உடைமையாளராகிய எட்வேட் தொப்பம் படைத்துறையிற் பணியாற்றியவர், செய்தித்தாள் நடத்தியவர். அவர் கண்டவர்களின் வாக்குமூலங்களைச் சட்டமுறைப்படி பெற்று வெளியிட்டார். கல்லை இலண்டனிற் காட்சிக்கு வைத்தார். 1799 இல் வீழ்ந்த இடத்திலே நினைவுத்தூண் ஒன்றும் நாட்டினார். அதனால் அந்த ஏராளரின் பெயர் இன்றும் நூல்களில் நிலைபெற்றுள்ளது. யோக்சயரிலும் ஓர் ஏழைத் தொழிலாளியின் சொல் தானாக நிலைக்கவில்லை. செல்வாக்குள்ளவர் ஒருவர் அதனை எழுத்தில் இட்டமையால் நிலைத்தது. கருநாவற்பற்று மக்களின் சொல்லை அவ்வாறு எழுத்திலிட எவரும் இருந்திலர். இரு கற்களும் ஒரே வானத்தினின்று வந்தவை. வேறுபாடு கல்லில் இல்லை, ஏட்டிலேயே உண்டு.

விண்கல் பற்றிய உண்மை உலகில் நிலைநாட்டப்பட்டதில் இந்திய ஊரவர்க்குப் பெரும்பங்கு உண்டு. 1798 டிசம்பர் 19 ஆம் நாள் இரவு, காசியை அடுத்த கிராகுட் என்னும் ஊரில் பெரும் ஒளியும் இடியோசையும் தோன்றிக் கற்கள் வீழ்ந்தன. அவற்றுள் ஒன்று காவற்காரர் ஒருவரின் குடிசைக் கூரையைப் பொத்துக்கொண்டு தரையிற் புதைந்தது. செய்தி அறிய அங்கு அனுப்பப்பட்டவரிடம் ஊரவர், பயிர் இரண்டு மூன்று அங்குலமே வளர்ந்துள்ளமையால், வயலில் மண் புதிதாகக் கிளறப்பட்டுள்ள இடங்களை நோக்கின் மேலும் கற்களைக் காணலாம் என்றனர். அவ்வாறே தேடிக் கற்கள் எடுக்கப்பட்டன. இன்றைய ஆய்வாளர் கையாளும் தேடல்முறைக்கு இது எவ்வகையிலும் குறைந்ததன்று.

யோன் உலொயிட் வில்லியம்சு என்பவர் இவ்வாறு திரட்டியனுப்பிய கூற்றுகளும் கற்களும் இலண்டனில் எட்வேட் ஓவாட் என்னும் வேதியியலாளரின் கைக்குக் கிடைத்தன. அவர் காசிக் கல்லையும், வோல்ட் கொட்டேச், இத்தாலியின் சியன்னா, பொகீமியாவின் தாபோர் ஆகிய இடங்களின் கற்களையும் ஒருங்கே பகுத்தாராய்ந்தார். நான்கிலும் உள்ள இரும்பில் நிக்கல் கலந்திருக்கக் கண்டார். பிரெஞ்சுக் கனிமவியலாளரான பூர்னோன் அக்கற்களிற் காணப்பட்ட சிறு உருண்டை மணிகளை விவரித்தார். நால்வேறு நாடுகளில், நால்வேறு காலங்களில் வீழ்ந்த கற்கள் தம்முள் ஒத்தும், அவ்வவ்விடத்துப் பாறைகளுக்கு ஒவ்வாமலும் இருந்தன. 1802 இல் வெளியான இம்முடிபே மறுத்தோரின் வாயை அடைத்தது. அந்நான்கனுள் கருநாவற்பற்றுக் கல் இடம்பெறவில்லை.

1803 ஏப்ரல் 26 ஆம் நாள் பிரான்சின் இலேகிள் நகரைச் சூழ ஏறத்தாழ 3000 கற்கள் மழையெனப் பொழிந்தன. அரசினால் அனுப்பப்பட்ட இளம் இயற்பியலாளர் பியோ, ஊர் ஊராகச் சென்று, பல தொழிலினரையும் பல தரத்தினரையும் வினவி, அவர்தம் கூற்றுகளின் உடன்பாட்டைக் கல்லின் சான்றுக்கு நிகரான சான்றாகவே எடுத்துக்கொண்டார். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் வயலில் நின்றோரைப் புறக்கணித்த அதே நாட்டு அறிவியல், இப்போது அவர்களிடமே சென்று கேட்டறிந்தது. அவ்வாண்டு ஓகஸ்ட் 25 இல் முல்லைத்தீவுக் கோட்டையைப் பண்டாரவன்னியன் கைப்பற்றினான். அச்செய்தியை நம் வரலாற்று நூல்கள் மறவாது கூறுகின்றன. அதற்கு எட்டாண்டு முன் அதே மண்ணில் வீழ்ந்த கல்லை அவை நினைப்பதில்லை.

பின்னர் தமிழகத்திலும் விண்கற்கள் வீழ்ந்துள்ளன. 1857 பெப்ரவரி 28 ஆம் நாள் மதுரைக்குத் தெற்கே இரு கற்கள் வீழ்ந்தன. அவை ஆங்கில ஏடுகளில் 'பர்னல்லி' எனப் பெயர் பெற்றன. மொத்த நிறை ஏறத்தாழ 77 கிலோகிராம்; பெரிய கல் இலண்டன் அருங்காட்சியகத்தைச் சென்றடைந்தது. தென்னார்க்காட்டின் நம்மியந்தலில் 1886 சனவரி 27 ஆம் நாள் மற்றொரு கல் வீழ்ந்தது. 1865 இல் பீகாரின் சேர்கோட்டியில் வீழ்ந்த கல்லோ தனிச் சிறப்புடையது. அது செவ்வாய்க் கோளினின்று பெயர்த்தெறியப்பட்டதென்பது நூறாண்டுகளுக்கும் மேலான பின்னரே உணரப்பட்டது. அவ்வகைக் கற்கள் யாவும் இன்று அவ்வூரின் பெயராலேயே வழங்குகின்றன. கல் வீழ்ந்த ஊரின் பெயரைக் கல்லுக்கு இடுவது விண்கல்லியலின் மரபு. இதனால் சிற்றூர்களின் பெயர்கள் உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் ஒலிக்கின்றன. அவ்வூர்களிற் கல்லைக் கண்டெடுத்தவரின் பெயர்களோ பெரும்பாலும் மறைந்தன.

இதுவரை கூறியவற்றிலிருந்து, மக்கள் கூறுவன எல்லாவற்றையும் ஆராயாது ஏற்க வேண்டும் என்று கொள்ளலாகாது. அண்மைக்கால நிகழ்ச்சிகள் இரண்டு இதனை விளக்கும். 2012 டிசம்பர் 29 ஆம் நாள் பொலனறுவை மாவட்டத்தில் தீக்கோளம் ஒன்று தோன்றியதாகக் கூறப்பட்டது. வயல்களில் எடுக்கப்பட்ட கற்களை ஆராய்ந்த இலங்கையில் பிறந்த வானியலாளர் சந்திரா விக்கிரமசிங்கவும் குழுவினரும், அவற்றில் நுண்ணிய பாசியினங்களின் எச்சங்கள் உள்ளன என்றும், புவிக்கு அப்பால் உயிர் உண்டென்பதற்கு அது சான்று என்றும் 2013 இல் வெளியிட்டனர். ஏனைய ஆய்வாளர் பலர் இதனை ஏற்கவில்லை. அப்பாசியினங்கள் நன்னீரில் வாழ்பவை. கற்கள் வயல் மண்ணிற் கிடந்தவை. அவை விண்கற்கள் என்பதே ஐயத்துக்குரியது என்பது அவர்தம் மறுப்பு. ஈண்டு ஒளியைக் கண்ட ஊரவரின் கூற்று மெய்யாக இருக்கலாம். ஆனால் ஒளியைக் கண்டமை கையிலுள்ள கல்லுக்குச் சான்றாகாது.

2016 பெப்ரவரி 6 ஆம் நாள் தமிழ்நாட்டின் நாட்றம்பள்ளி அருகே கல்லூரி வளாகமொன்றில் ஏற்பட்ட வெடிப்பில் பேருந்துச் சாரதி ஒருவர் உயிரிழந்தார். விண்கல் வீழ்ந்து மாண்டார் என்று மாநில முதலமைச்சர் அறிவித்து, குடும்பத்தினர்க்கு ஓர் இலட்சம் ரூபா நிதியும் வழங்கப் பணித்தார். அமெரிக்க விண்வெளி நிறுவனத்து அறிஞரோ, வெளியான படங்கள் நிலத்தில் நிகழ்ந்த வெடிப்பொன்றையே காட்டுகின்றன எனக் கருத்துரைத்தனர். இலூசேயிற் கல்லை மறுப்பதில் அவசரம் இருந்தது. இங்கு கல்லை நாட்டுவதில் அவசரம் இருந்தது. இரண்டும் ஒரே குற்றத்தின் இரு முகங்கள். இறந்தவர்க்கு நாம் கடமைப்பட்டது இரக்கம் மட்டுமன்று, உண்மையும் ஆகும். வெடித்தது எது என்பதை அறிவது, இன்னொருவர் அவ்வாறு இறவாமற் காப்பதற்கும் வேண்டப்படுவது.

இனி மலைநாட்டுக்கு மீள்வோம். கினிகத்தேனை, வட்டவளைப் பகுதிகள் இந்நாட்டின் மிகுமழைப் பகுதிகளுள் அடங்குவன; வட்டவளையில் ஆண்டு மழை 4000 மில்லிமீற்றரை விஞ்சும். விண்கல்லில் உள்ள இரும்பு இத்தகைய ஈரத்திற் விரைவில் துருப்பிடித்துச் சிதையும். பாலைநிலங்களிலும் அந்தாட்டிக்காப் பனியிலும் பல்லாயிரம் ஆண்டு கிடந்த கற்களை இன்று பொறுக்கியெடுக்கின்றனர். தேயிலை மலையின் செம்மண்ணிலோ அவை சில தலைமுறைகளேனும் அடையாளந் தெரியக் கிடத்தல் அரிது. அன்றியும் இங்கு கல்லுக்குப் பஞ்சமில்லை. மழைக்காலத்து மண்சரிவில் உருண்டுவரும் பாறைகளும், பாசியும் மழையும் படிந்து கறுத்த கற்களும் எங்கும் உள. ஆகவே இந்நிலத்தில் ஒரு விண்கல் அறியப்பட வேண்டுமாயின், அது வீழ்ந்த அன்றே எவரேனும் கண்டு, அவர் சொல்லை எவரேனும் கேட்டாக வேண்டும். கல்லைவிடச் சாட்சியே இங்கு இன்றியமையாதது.

அச்சாட்சி எவராக இருப்பார்? விடியுமுன் பிரட்டுக்களத்துக்கு இறங்கி வருபவரும், பகல் முழுதும் திறந்த மலைச்சரிவிற் கொழுந்து பறிப்பவருமே இந்நாட்டில் வானத்தின்கீழ் மிகுதியான நேரம் நிற்பவர்கள். ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாக இம்மலைகளில் நிகழ்ந்தவற்றை அவர்கள் கண்டுள்ளனர். ஆயினும் தோட்டத்து ஏடுகளில் அவர்கள் பெயர்கள் செக்றோலில் நாட்கூலிக் கணக்காகவே நின்றன. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், தந்தையோ, பாட்டனும் பூட்டனுமோ இந்நாட்டிற் பிறந்தமைக்குச் சான்று வேண்டிற்று. பிறந்தது மெய்; வாழ்ந்தது மெய்; உழைத்தது மெய். ஆனால் அம்மெய்க்கு ஏடு இல்லை. ஏடில்லாத மெய் பொய்யாகக் கொள்ளப்பட்டு, பெருந்தொகையினர் நாடற்றவராயினர். 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் வரையில் அக்குறை முற்றாக நீங்கவில்லை. கண்டதைச் சொல்லியும் நம்பப்படாத இலூசே உழவரின் நிலையை, இச்சமூகத்திற் பிறந்தவர் விளக்கமின்றியே உணர்வர்.

2015 நவம்பர் 13 ஆம் நாள், மனிதர் முன்னர் விண்வெளிக்கு ஏவியதன் எச்சமெனக் கருதப்பட்ட சிறு பொருளொன்று இலங்கையின் தென்கரைக்கப்பால், ஏறத்தாழ 100 கிலோமீற்றர் தொலைவில் வளிமண்டலத்துட் புகுந்து எரிந்தது. அது வரும் நாளும் நேரமும் வாரக்கணக்கில் முன்னரே கணிக்கப்பட்டன. விமானத்திற் சென்ற அறிஞர் அதனைக் கண்காணித்தனர். கருநாவற்பற்றிலிருந்து இவ்வளவு தொலைவு வந்துவிட்டோம். எனினும் இன்றும் சிறு விண்கற்களிற் பெரும்பாலானவை முன்னறிவிப்பின்றியே வருகின்றன. அவற்றின் முதற் சாட்சி இன்றும் வெளியில் நிற்கும் மனிதரே.

ஆதலின் பல்கலைக்கழக மாணவர்க்கு ஒரு கடமை உண்டு. மலைநாட்டிலோ வன்னியிலோ அத்தகைய செய்தி எழுமாயின், நகைத்து ஒதுக்குதலும் வேண்டா. நாளிதழுக்கு ஓடுதலும் வேண்டா. நேரம், திசை, ஓசை, வீழ்ந்த இடம் ஆகியவற்றைக் கண்டவர் வாய்மொழியாகவே எழுதிக் கொள்ள வேண்டும். ஒருவர் கூற்றை மற்றவர் கேட்குமுன் தனித்தனியே பெறவேண்டும். கல் கிடைப்பின் அதனைக் கழுவாது உலர்ந்த நிலையிற் பேணிப் பேராதனைப் புவிச்சரிதவியற்றுறை போன்ற ஆய்விடத்திற் சேர்க்க வேண்டும். கரிய தோலும், நிக்கல் கலந்த இரும்பும், உருண்டை மணிகளும் உண்டா என்பதை அங்குள்ளோர் கூறுவர்; இல்லையெனின் அம்முடிபையும் ஏற்கவேண்டும். அனைத்துக்கும் மேலாக, கண்டவரின் பெயரை, அவர் கொழுந்து பறிப்பவராயினும், மாடு மேய்ப்பவராயினும், அவர் இசைவோடு முழுமையாக எழுதிவைத்தல் வேண்டும். 1795 இல் கருநாவற்பற்றில் ஒருவர் வானை நோக்கினார். அவர் கண்டது மெய்யென உலகம் ஏற்றுக்கொண்டது. அவர் யாரென்பதைக் கேட்டெழுத மறந்தது. அடுத்த கல்லுக்கேனும் அக்குறை நேராதிருத்தல் நம் கையில் உள்ளது.